கடைசிக்கு என்று வைத்தது

சமையலறை மேசைக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடக்கிறேன், நான் என்றால் டிவிக்குள் இருக்கிற நான், நிஜமான நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கன்ட்ரோலரை வியர்க்க வியர்க்கப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், கட்டில் விளிம்பு முதுகில் இடிக்கிறது, கட்டிலில் அண்ணன். மேசையைச் சுற்றி அது நடக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது, கண்ணும் கிடையாது, காது மட்டும்தான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன ஒரு சரக்குக் கப்பல், அதில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தின்றுகொண்டே என்னையும் தேடி அலைகிறது. சண்டை போட முடியாது, துப்பாக்கி கிப்பாக்கி ஒன்றும் தரமாட்டார்கள், ஒளியலாம், ஊர்ந்து போகலாம், மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் இந்த கேம். "அசையாதட்டி," என்று பின்னாலிருந்து கிசுகிசுக்கிறான் டெனிஸ்டன் அண்ணன், "அது சுத்திப் பாத்துட்டு தன்னால போவும்." பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எந்தக் கப்பல்லட்டி கேலிக்கு இவ்வளவு பெரிய கதவு வச்சிருக்கான், மாட்டு வண்டியா உள்ள போவப் போவுது," என்கிறான். கேலி என்றால் கப்பல் சமையலறை, அவன் கப்பல் பாஷை. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, அடுத்த அறையில் அம்மா தூங்குகிறாள், ராத்திரி முழுக்க அவன் காலைப் பிடித்துவிட்டு விடிந்த பிறகுதான் படுத்தாள். டிவி சத்தத்தை எறும்பு ஊர்கிற அளவுக்குக் குறைத்து வைத்திருக்கிறோம். டிவிக்குள் அலைகிற அதைவிட அம்மாவுக்குக் கூர்மையான காது, இவன் லேசாக முனகினால் போதும், எழுந்து ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்று தெருவையே கூட்டிவிடுவாள். அதனால் இந்த மத்தியான நேரத்தில் நானும் அண்ணனும் இரண்டு பேரிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறோம். முதல் நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், இப்போது அது பழகிப்போய்விட்டது.

போய்விட்டது. காலடிச் சத்தம் தேய்கிறது. மேசையிலிருந்து வெளியே வந்து இழுப்பறைகளைத் துழாவுகிறேன், ஒரு துணிக் கிழிசல், அரை பாட்டில் ஸ்பிரிட். இரண்டையும் சேர்த்தால் கட்டுப் போடலாம், இல்லையென்றால் திரி வைத்துக் கொளுத்தி எறியலாம், இரண்டில் ஒன்றுதான், காயத்துக்கா தீக்கா என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும், எதைச் செய்தாலும் கொஞ்ச நேரத்தில் அடடா மற்றதைச் செய்திருக்கலாமே என்று தோன்றும்படி கேம் நம்மை மாட்டிவிடும். இதைச் செய்தவன் எவனோ பெரிய கஞ்சன் வீட்டில் பிறந்தவனாக இருக்க வேண்டும். டார்ச் பேட்டரியைக் கண்ணில் காட்டுவான், எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் அதை முழுக்கச் செலவழித்தால்தான் கடக்க முடிகிற இருட்டைக் காட்டுவான். "கட்டும் போடாண்டாம், தீயும் வைக்காண்டாம், அப்படியே பையில போடு," என்கிறான் அண்ணன். எனக்குத் தெரியும், இதைத்தான் சொல்வான். திரையின் மூலையில் என் உயிர் சிவப்பாக ஒரு கீற்று மட்டும் இருக்கிறது, நடக்கும்போது கால் இழுக்கிறது, அதற்காக ஒரு கட்டு எடுத்துப் போட்டுவிட முடியுமா, அண்ணன் விடுவானா. "நொண்டிக்கிட்டே போ. தாங்கிரலாம்." பையில் கட்டுகளும் ஒரு ஊசி மருந்தும் பேட்டரிகளும் நிறைந்து கிடக்கின்றன, நான் நொண்டிக்கொண்டே போகிறேன்.

இது அவன் சுபாவம், இன்று வந்ததல்ல. கப்பலுக்குப் போகும்போது அம்மா இறால் ஊறுகாய் போட்டுக் கொடுப்பாள், பாட்டில் வாயைத் துணியால் கட்டி, மேலே மெழுகு ஊற்றி. மாதக்கணக்காகக் கடலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் அந்த மெழுகு உடையாமல் அப்படியே இருக்கும். "ஏம்ல திங்கல?" என்று அம்மா கேட்டால், "சாப்பாடு ரொம்ப மோசமாப் போனா எடுப்போம்னு வச்சிருந்தேன், அதுக்குள்ள தூத்துக்குடி வந்துட்டு," என்பான். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு, என் பிள்ளை எதையும் வீணாக்க மாட்டான் என்று பங்குக் கோயிலில் எல்லாரிடமும் சொல்வாள். எந்தக் கேம் என்றாலும் அதே கதைதான். லீவில் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் உட்காருவோம், அப்போது கன்ட்ரோலர் அவன் கையில் இருக்கும், நான் கட்டிலில் படுத்துக்கொண்டு முறுக்கு தின்பேன். சாகிற நிலையில்கூட மருந்தைத் தொட மாட்டான், பதுங்கிப் பதுங்கி, செத்துச் செத்து, அதே இடத்தை மறுபடி மறுபடி விளையாடி, கடைசிக் கதவைத் திறக்கும்போது பை நிறைய மருந்தும் தோட்டாவும் இருக்கும். அதைத் திறந்து எனக்குக் காட்டுவான், பாத்தியா, ஒண்ணுகூடத் தொடல. ஒரு தடவை நான் சொன்னேன், பையோட சேத்துதான் உன்னைப் புதைக்கணும் அண்ணே. விழுந்து விழுந்து சிரித்தான். புதைக்கணும் என்று சொன்னேன். அந்தச் சொல் எங்கே போனாலும் என் கூடவே வருகிறது, பல் தேய்க்கும்போது வருகிறது, காய் நறுக்கும்போது வருகிறது, இப்போது டிவிக்குள் ஏணியில் ஏறுகிற இந்த நேரத்தில் எதற்கு வந்தது, சும்மா கேலிக்குச் சொன்னது, கேலிக்குத்தானே சொன்னேன், அப்போது அவன் இடுப்பில் ஒன்றுமே இல்லை, அல்லது இருந்ததோ என்னவோ. ஏணியில் சத்தம் வராமல் ஏற வேண்டும். பொத்தானை லேசாகத் தள்ள வேண்டும்.

அண்ணனுக்குப் புற்று. இடுப்பெலும்பில் ஆரம்பித்தது, இப்போது முதுகுத்தண்டில் ஏறிவிட்டது. இனிமேல் வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வலி தெரியாமல் என்பதை ஏதோ எதிர்வெயிலுக்குத் திரை போடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். வலி தணிக்கும் மையத்திலிருந்து மார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். அங்கிருக்கிற பிரிஸில்லா சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, வலி வந்தாலும் வராட்டியும் குடுக்கணும். வலி வந்தப்பறம் குடுத்தா அத வெரட்டிப் பிடிக்க முடியாது, கேட்டியா?" கேட்டேன். தலையாட்டினேன். கொஞ்ச நாள் அப்படித்தான் கொடுத்தேன், அண்ணன் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள்கூடப் படித்தான். அப்புறம் ஒரு தடவை மையத்தில் இருப்பு இல்லாமல் போனது. ஏதோ அனுமதித் தாள் வர வேண்டுமாம், வந்துவிடும், நாளைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள். அந்த நாட்களை நான் நினைக்க மாட்டேன். நினைக்கக் கூடாது என்று ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன், ஆனால் அதன் சந்து வழியாக அம்மா செருப்பில்லாமல் ரோட்டில் ஓடி ஆட்டோவை மறிப்பது தெரிகிறது, அண்ணனின் கீழுதட்டில் பல் இறங்கியிருப்பது தெரிகிறது. அதற்குப் பிறகு மருந்து ஒழுங்காக வந்தது, இன்றுவரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாங்கள்தான் பழையபடி ஆகவில்லை. ஒரு நாள் அண்ணன் சொன்னான், "இப்பம் அவ்வளவு வலியில்லட்டி, இந்த வேளைக்கு வேண்டாம், இருக்கட்டும்." சரி என்று அந்த மாத்திரையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். அது முதல் மாத்திரை.

இப்போது அந்தப் பாட்டில் பீரோவின் மேல் மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிறது. அம்மாவுக்கு அதைப் பற்றித் தெரியாது, மருந்தெல்லாம் என் பொறுப்பு, படித்தவள் நான்தானே. அவளைப் பொறுத்தவரை வேளாவேளைக்கு நான் கொடுக்கிறேன், மருந்துக்கும் மீறி வலிக்கிறது, அதனால்தான் அவள் ராத்திரியெல்லாம் கால் பிடிக்கிறாள். நான் சில நாள் பாட்டிலை இறக்கிக் குலுக்கிப் பார்ப்பேன். நல்ல கனமான சத்தம் வரும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது, இனி எவன் நாளைக்கு வா என்று சொன்னாலும் எங்களுக்குப் பயமில்லை. இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் நல்லது என்று தோன்றும். சேர வேண்டுமென்றால் அண்ணன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவன் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு வேளையிலும் எனக்குள் ஒருத்தி நிம்மதியாக மூச்சு விடுகிறாள், அவள் யார், அவளுக்கு வெளியே போ என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை. வலிக்கா என்று நான் கேட்பதே குறைந்துவிட்டது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் மூடியைத் திறக்க வேண்டும்.

இயந்திர அறைக்குப் போகிற வழியில் ஒருத்தன் சுவரோடு சாய்ந்து கிடக்கிறான், இந்தக் கப்பலின் சமையல்காரன், வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறான். என்னிடம் இருக்கிற ஊசியைக் கேட்கிறான். திரையில் இரண்டு வரி வருகிறது, கொடு, கொடுக்காதே. கொடுத்தால் என்ன ஆகும் என்று கேம் சொல்லாது, கொடுக்காவிட்டால் பாவம் என்றும் சொல்லாது, சும்மா நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அதுதான் இந்தக் கேமில் எனக்குப் பிடிக்காதது, நல்லது கெட்டது யாராவது சொல்லித் தொலைத்தால் என்ன. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அண்ணன் ஏதாவது சொல்வான், இவன் எப்படியும் சாவான் ஊசியை வீணாக்காதே என்பான், இல்லையென்றால் கப்பல்காரன் ஒருத்தனும் இப்படி வெள்ளை உடுப்போடு அலைய மாட்டான் என்று குறை சொல்வான். ஒன்றும் சொல்லவில்லை. ஏணியில் ஏறும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலின் மேல்தளத்தில் படகுகளைத் தப்பான பக்கம் மாட்டியிருந்தார்கள், எனக்கே தெரிந்தது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து பேசாமல் இருக்கிறான். தூங்கிவிட்டானோ, தூங்கியிருந்தால் நல்லது, தூங்கியிருக்க வேண்டும். தூங்குகிறவனின் மூச்சு இப்படி இருக்காது. இது உள்ளே போகிறது, நிற்கிறது, வெளியே வரும்போது நடுங்குகிறது, பிறகு மறுபடி நிற்கிறது. மேசைக்கு அடியில் கிடக்கும்போது நான் பொத்தானை அழுத்திப் பிடிக்கிற மூச்சு. கட்டில் லேசாக அதிர்கிறது, என் முதுகுக்கு அது தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை என்று நான் வைத்துக்கொள்கிறேன். திரும்பிப் பார்த்தால் போதும். கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும். திரும்பினால் அவன் சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டுவான், நானும் சிரிப்பேன், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றியதாகும். திரும்பாமல் இருந்தால் அந்தக் கஷ்டமாவது அவனுக்கு மிச்சம், பார் எவ்வளவு அக்கறையான தங்கச்சி, எதையும் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவள்.

கொடுக்காதே என்பதை அழுத்திவிட்டேன். யோசித்து அழுத்தவில்லை, விரல் தானாகப் போனது. சமையல்காரன் ஒன்றும் திட்டவில்லை, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். அவனைத் தாண்டி இயந்திர அறைக்குள் இறங்குகிறேன், எண்ணெய் பளபளக்கிற தரை, எங்கோ தண்ணீர் சொட்டுகிறது, நிஜமாகவே நம் வீட்டுக் குழாயும் சொட்டுகிறது, எது எங்கே என்று தெரியவில்லை. அது இங்கேதான் இருக்கிறது. மேலே குழாய்களில் ஊர்கிற சத்தம் கேட்கிறது. ஓடிப்போய் ஒரு தகர அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடிக்கிற பொத்தானை அழுத்துகிறேன். அது இறங்கி வந்து அலமாரிக்கு நேர் எதிரே நின்று தலையைச் சாய்த்துக் கேட்கிறது.

"ஜெனி."

அண்ணன்தான். குரல் அவனுடையது மாதிரி இல்லை, சின்னதாக, எச்சில் வற்றிப்போய்.

"ஒண்ணு தாயேன்."

எதை என்று கேட்கத் தேவையில்லை. அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் நிரம்ப ஆரம்பித்ததிலிருந்து அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை. நான் நீட்டினால் வேண்டாம் என்பான், கட்டாயப்படுத்தினால் பாதி நாள் வாங்கிக்கொள்வான், தானாக வாய்விட்டு இன்றுதான் கேட்கிறான். கேட்டதும் எழுந்திருக்க வேண்டும். பீரோ மூன்று எட்டில் இருக்கிறது. எழுந்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன், எழுந்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன், ஆனால் கண் டிவியிலேயே இருந்தது, விரல் பொத்தானிலேயே இருந்தது, என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது, ரொம்பப் பாசமாக, அவனை எத்தனையோ தடவை சமாதானப்படுத்திய அதே குரலில்.

"கொஞ்சம் பொறு அண்ணே. தாங்கிரலாம்லா? இன்னைக்கே எடுத்துட்டா, இதவிட பெருசா வந்தா என்ன செய்ய?"

"சரிட்டி," என்றான்.

கோபப்படவில்லை. முனகவில்லை. கடைக்குப் போய்ப் பால் இல்லை என்றால் சரி என்று திரும்புகிற மாதிரி, சரிட்டி. நான் என்ன சொன்னேன் என்பது என் காதுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிதாக என்றால் எது பெரிது, எதற்காக வைத்திருக்கிறேன், யாருக்காக வைத்திருக்கிறேன், அவனைத் தவிர வேறு யாருக்கு அந்த வலி. என் அண்ணனிடம் நான் இல்லை என்று சொல்லிவிட்டேன், இருக்கிறதை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். திரும்பினேன். துண்டின் நுனி முழுக்க அவன் வாய்க்குள் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் டிவியைப் பார்த்திருக்கிறான், கேட்பதற்காக மட்டும் வெளியே எடுத்திருக்கிறான், நான் பொறு என்றதும் மறுபடி வைத்துக் கடித்துக்கொண்டான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, தலையணை நனைந்து, கண் இரண்டும் என்னைப் பார்த்து ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றது. கன்ட்ரோலரை எங்கே போட்டேன் என்று தெரியாது. "அண்ணே, தாரேன், தாரேன், இந்தா எடுத்துட்டேன்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன், சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டேன், அப்போது அவன் வாயிலிருந்து துண்டு நழுவிவிட்டது.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மருந்து இல்லாத அந்த நாட்களில்கூடக் கேட்டதில்லை. இவ்வளவு நாளும் பதுக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வருகிற சத்தம், நிறுத்த வேண்டும் என்று அவனே கையால் வாயைப் பொத்துகிறான், விரல் இடுக்கு வழியாக வருகிறது. "கத்துண்ணே, கத்து, பொத்தாத," என்று நானும் கத்துகிறேன், யாரிடமிருந்து ஒளிய வேண்டும் இனிமேல். அடுத்த அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அம்மா வந்துவிட்டாள். முடி அவிழ்ந்து கிடக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது மாரில் அடித்துக்கொள்வாள், ஆண்டவரைக் கூப்பிடுவாள் என்று நான் ஸ்டூலின் மேல் காத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் நேராக அவனிடம் போனாள். "எய்யா, எய்யா," என்று அவன் தலையைத் தூக்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அவன் நெற்றிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாத்திர தீந்துட்டாட்டி?" என்றாள். "தீந்துட்டுன்னா சொல்லு, நான் போய் சிஸ்டர் காலப் பிடிச்சாவது வாங்கிட்டு வாறேன்."

"இல்லம்மா," என்றேன். "இருக்கு."

பாட்டிலை இறக்கி அவளிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வது. கழுத்துவரை நிறைந்திருந்தது, நீட்டிய வேகத்தில் உள்ளே கடகடவென்று சத்தம் போட்டது. அம்மா அதை வாங்கவில்லை. அவன் கத்திக்கொண்டே இருந்தான். அம்மா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பாட்டிலைப் பார்த்தாள்.

"இவ்வளவு இருக்கா?" என்றாள்.